குதிரைமசால் வயலுக்குத் திறந்த கதவு

டோக்மோக்
அக்டோபர் 13, 2019

அன்பு மகள் பெரிஸாத்துக்கு அம்மா எழுதுவது. உடம்பு எப்படி என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் என் பேச்சைக் கேட்கிறது. உன் தம்பி அஸமத்தும் அவன் மனைவியும் சுகம். அவன் பட்டறையில் வண்டிகள் குவிந்து கிடக்கின்றன, சாப்பாட்டு நேரத்தில்தான் முகத்தைப் பார்க்கிறோம், அப்போதும் கையில் கிரீஸ். பசு போன வாரம் கன்று போட்டது, கிடாரி, நெற்றியில் வெள்ளை. உருளைக்கிழங்கு இந்த முறை சொத்தை இல்லாமல் வந்திருக்கிறது. ரீகாவில் மழை விடவே இல்லை என்று சொன்னாயே, மீரிமுக்கு இருமல் நின்றதா? ஆட்டு வால் கொழுப்பை லேசாகச் சூடு பண்ணி நெஞ்சிலும் உள்ளங்காலிலும் தேய்த்துக் கம்பளிக் காலுறை மாட்டிப் படுக்க வை, நாற்றம் என்று மாப்பிள்ளை முகம் சுளித்தால் சுளித்துவிட்டுப் போகட்டும். பல் விழுந்த படத்தை அஸமத் காட்டினான், உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறாள்.

இதையெல்லாம் போனில் பேசிக்கொள்கிறோமே, அம்மா எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து பேசுவாய், நானும் கன்றுக்குட்டி, ஊறுகாய் என்று வேறு பக்கம் ஓடிவிடுவேன், இருபத்தாறு வருஷமாக அப்படித்தான் ஓடியிருக்கிறேன். இதை நீ கடைசிவரை படிக்க வேண்டும். மீரிம் பள்ளிக்கூடம் போன நேரமாகப் பார்த்துப் படி.

செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் தக்காளி ஜாடிகளுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் யாரோ என் பெயரைக் கேட்டார்கள். போய்ப் பார்த்தால் தலை முழுக்க நரைத்த ஒரு ஆள். முகம் தெரியவில்லை, ஆனால் அவன் எனக்கு நேராக நிற்காமல் என் இடது தோளுக்குப் பக்கமாக ஒதுங்கி நின்றான் பார், குதிரையை அணுகுகிறவன் நிற்பது போல, அப்போது தெரிந்துவிட்டது. ஷார்ஷென். நம் சர்க்கஸில் குதிரைகளைப் பார்த்துக்கொண்டவன். உனக்கு அவனைத் தெரியாமல் இருக்காது, உன் புத்தகத்தின் நாலாவது அத்தியாயம் முழுக்க அவன்தானே. பாலிக்சியிலிருந்து வேன் பிடித்து வந்திருந்தான், செய்தித்தாளில் சுற்றிய இரண்டு புகைபோட்ட மீன் கொண்டுவந்தான், வெறுங்கையோடு எப்படி வருவது என்றான். டீ ஊற்றினேன், ரொட்டி பிட்டு வைத்தேன், உன் அப்பா தவறிப்போனதைச் சொன்னேன், கைகளை விரித்துப் பிரார்த்தித்து முகத்தைத் தடவிக்கொண்டான். அதன் பிறகுதான் பிளாஸ்டிக் பையிலிருந்து உன் புத்தகத்தை எடுத்து ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். "இது நம்ம பெரிஸாத் எழுதினதுதானே அக்கா?" என்றான். ஆமாம் என்றேன். "நல்லா எழுதியிருக்கா" என்றான். கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொன்னான்.

அவனுக்கு ஒரே பெண், பேகாயிம் என்று பெயர், இருபத்து நாலு வயது, அங்கே ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. மனைவி இறந்துவிட்டாள், மருமகன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருக்கிறான், பேகாயிம் தன் மூன்று வயதுக் குழந்தையோடு பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகக் கட்டில் உன் புத்தகம் இருந்திருக்கிறது. "சர்க்கஸ் கதைப்பா, உங்க பேருகூட வருதுன்னு துள்ளிக் குதிச்சு எடுத்துட்டு வந்தா அக்கா. என்னை உக்கார வச்சு சத்தமா வாசிச்சா. உங்க குதிரை அக்கூ பேரு வந்துச்சு, பெரிஸாத் உங்க பேர மாத்தியிருந்தா, ஆனா நீங்கதான்னு எனக்குத் தெரிஞ்சது. அது நான்தாம்மான்னு சொல்லிட்டுச் சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்தேன். நாலாவது பாடத்துல பாதியிலயே நிறுத்திட்டா" என்றான். அப்புறம் மீதியை அவள் தனியாகப் படித்திருக்கிறாள். மறுநாளிலிருந்து குழந்தையை அவனிடம் விடுவதில்லை. அதுவரை தினமும் மத்தியானம் அவன்தான் வைத்துக்கொள்வான், ரயில்வே சரக்குக் கூடத்தில் காலை வேலையை முடித்துவிட்டு நேராக அங்கே போவான். இப்போது பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுப் போகிறாளாம். நான் கேட்டேன், நீ அவளிடம் நடந்ததைச் சொல்லவில்லையா என்று. "சொன்னேனே. குடிகாரங்க எல்லாரும் இதத்தாம்பா சொல்வாங்கங்கறா" என்றான்.

உனக்கு இதுவரை படித்ததில் புரிந்திருக்காது. நீ எழுதியிருப்பது உனக்கு ஞாபகம் இருக்கிறபடி எழுதியிருப்பது, அது எனக்குத் தெரியும். ஒன்பது வயதுப் பெண் வண்டி வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறாள், குதிரைக்காரன் ஷார்ஷென் சிவப்புத் துணியில் சுற்றிய வோட்கா பாட்டிலோடு கொட்டடிக் கதவைச் சாத்தாமல் பாடிக்கொண்டே போகிறான், அவன் இடது பூட்ஸின் கயிறு அவிழ்ந்து புழுதியில் இழுபடுகிறது, குதிரைகள் வயலுக்குப் போய்விடுகின்றன. படிக்கிறவர்களுக்குக் கண் முன்னால் தெரிகிறது. எனக்கும் தெரிந்தது, நான் அங்கே இருந்தவள், எனக்கே தெரிந்தது. இப்போது நடந்ததை நான் சொல்கிறேன்.

தலாஸுக்கு வெளியே கூடாரம் அடித்திருந்தோம், ஜூன் மாதம். கம்பம் சரிந்து விழுந்து உன் அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் ஆறாவது நாள். அவர் பழக்கிய நாய்கள் ஆடாமல் சும்மா கிடந்தன, நம் குடும்பத்தில் அரங்கத்துக்குள் இறங்க நானும் அக்கூவும் மட்டும்தான் மிச்சம். மேனேஜர் இஸ்ஹாக் ஏற்கெனவே இரண்டு குடும்பங்களை வழியிலேயே இறக்கிவிட்டிருந்தார், அந்த வருஷம் டிக்கெட்டுக்குப் பதில் மாவும் முட்டையும் வாங்கிக்கொண்டு ஆட்டம் காட்டிய வருஷம், அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அன்று காலை ஒரு மழை பெய்து விட்டிருந்தது. மத்தியான ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரும் படுத்திருந்தார்கள். நான் ஆட்டெலும்புச் சூப் வைத்து, பால் பாட்டிலில் ஊற்றி, சூடு ஆறாமல் இருக்க என் சிவப்புத் தலைத்துணியால் சுற்றி ஷார்ஷெனிடம் கொடுத்து, ஆஸ்பத்திரியில் உன் அப்பா குபாத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாடா தம்பி என்று அனுப்பினேன். அவன் கொட்டடிக் கதவைச் சாத்தி முளைக்குச்சியைச் செருகிவிட்டுத்தான் போனான், நான் பார்த்தேன். அந்தப் பாட்டிலைத்தான் நீ பார்த்தாய். அதில் பொய் இல்லை. பூட்ஸ் கயிறும் அவிழ்ந்திருக்கலாம், அவன் எப்போதும் அப்படித்தான்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கூட்டுப்பண்ணையின் குதிரைமசால் தீவனப் பயிர், ஊதாப் பூ பூத்து இடுப்பளவு நின்றது. நம் குதிரைகளோ மாதக் கணக்கில் காய்ந்த வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தன. நீ ஒரு கைப்பிடி பறித்துவந்து அக்கூவுக்குக் கொடுத்திருக்கிறாய். அது கேட்டிருக்கும், இன்னும் கொடு என்று மூக்கால் முட்டியிருக்கும். நீ மிருகங்களோடு பிறந்து வளர்ந்தவள், பேசத் தொடங்கும் முன்பே நாய்த் தட்டில் கைவிட்டுத் தின்றவள், உன்னால் மாட்டேன் என்று சொல்லியிருக்க முடியாது. கதவைத் திறந்தாய். அக்கூ ஒன்றுக்காகத்தான் திறந்திருப்பாய், ஆறும் போய்விட்டன. ஈரக் குதிரைமசாலை வெறும் வயிற்றில் தின்றால் குதிரைக்கு என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியாது, பெரியவர்களுக்குத்தான் தெரியும். நாங்கள் எழுந்து பார்த்தபோது வயிறு முரசு மாதிரி உப்பி, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றன. மிருக வைத்தியர் குழாயோடு வந்தார். ஆட்டத்தை ரத்து செய்துவிட்டு, கயிற்றில் நடக்கிறவர்கள், கோமாளிகள், வாத்தியக்காரர்கள் என்று எல்லோரும் ஆளுக்கொரு குதிரையைப் பிடித்து அரங்கத்துக்குள் சுற்றிச் சுற்றி நடத்தினோம், படுக்கவிடக் கூடாது என்று. நாலு பிழைத்தன. செம்மண் நிறக் குதிரையும் அக்கூவும் போய்விட்டன. அக்கூவின் தலை என் மடியில் இருந்தது.

அப்புறம் இஸ்ஹாக்கின் வண்டியில் விசாரணை. ஷார்ஷென் ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தான், ஓடி வந்ததில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். உன்னைக் கூப்பிட்டார்கள், ஏனென்றால் நீதான் எங்கும் சுற்றுகிறவள்.  நீ முதலில் தெரியாது என்றாய். இஸ்ஹாக் சரி போ என்று சொல்லப் போன நேரத்தில் நீ அழ ஆரம்பித்தாய், அழுகைக்கு நடுவில் சொல்லக் கூடாதென்றுதான் இருந்தேன் என்றாய், பிறகு சொன்னாய். பாட்டில், சிவப்புத் துணி, பாட்டு, பூட்ஸ் கயிறு.  உன் அப்பாவின் குட்டி நாய் முதல் தடவை வேண்டுமென்றே வளையத்துக்கு அடியில் போய் விழும், சனங்கள் ஐயோ பாவம் என்பார்கள், இரண்டாம் தடவை தாண்டும், கூடாரம் அதிரும். நீ அதை ஆயிரம் தடவை பார்த்து வளர்ந்தவள். அன்றைக்கு நீ செய்தது அதுதான். போன வருஷம் வானொலியில் உன்னைக் கேட்டார்கள் அல்லவா, எழுத்து எங்கிருந்து வந்தது என்று. மிருகங்களுக்கு நடுவில் வளர்ந்தேன், பொய் சொல்லாமலிருக்க அவற்றிடம்தான் கற்றுக்கொண்டேன் என்றாய். தெருவே கேட்டது, எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் பாதிதான் சொன்னாய். மீதிப் பாதியை எங்களிடம் கற்றாய், கைதட்டு வாங்கிப் பிழைத்த எங்களிடம். அதில் தப்பு இல்லை. அந்தப் பாதியால்தான் நீ இன்றைக்கு எழுத்தாளர்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒன்பது வயது, பயந்துவிட்டாய், ஒரு வாரத்தில் நீயே அதை நம்பிவிட்டாய், அதற்குப் பிறகு நீ சொன்ன ஒவ்வொரு தடவையும் அது பொய்யே இல்லை. நான்தான் தெரிந்தே வாயை மூடிக்கொண்டவள். அன்று சாயங்காலம் உன் கவுனைத் துவைக்கும்போது பையிலிருந்து ஊதாப் பூக்களும் கதவின் முளைக்குச்சியும் விழுந்தன. குச்சியை வாய்க்காலில் எறிந்தேன். ஆனால் குச்சி கிடைப்பதற்கு முன்னாலேயே, அந்த வண்டிக்குள்ளேயே, நான்தான் அவனை அனுப்பினேன், அது சூப்பு என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். ஷார்ஷென் என்னைத் திரும்பிப் பார்த்தான், நான் சொல்வேன் என்று. நான் என் செருப்பைப் பார்த்தேன். சொன்னால் அடுத்த கேள்வி உன்னிடம் வரும், கதவைத் திறந்தது எங்கள் பிள்ளை என்று ஆனால் அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டும், அப்பாவோ படுக்கையில், அஸமத்துக்குப் பால்குடி மறக்கவில்லை. இதெல்லாம் காரணம்தான், ஆனால் இதெல்லாம் இருந்தும் வேறொருத்தி சொல்லியிருப்பாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாந்தான் சரியா மூடல" என்றான். மறுநாள் அவன் படுக்கைச் சுருளை எடுத்துக்கொண்டு சாலையில் லாரிக்கு நின்றான். நீ கையசைத்தாய். நான் கூடாரத்துக்குள்ளேயே இருந்துவிட்டேன். அதற்குப் பிறகு எந்தக் குதிரைக்காரரும் அவனை வேலைக்கு எடுக்கவில்லை, இரண்டு குதிரையைக் கொன்ற குடிகாரன் என்ற பெயர் அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். நானும் அதற்குப் பிறகு குதிரை மேல் ஏறவில்லை, உடுப்புத் தைக்கப் போய்விட்டேன். அக்கூ போன துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள், நீயும் புத்தகத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறாய், அழகாகத்தான் இருக்கிறது.

இத்தனை வருஷம் கழித்து என் சமையலறையில் உட்கார்ந்து அவனிடம் கேட்டேன், ஏன்டா அன்றைக்கு ஒப்புக்கொண்டாய் என்று. பெரிய தியாகம் என்று ஏதாவது சொல்வான், நான் அழுது தீர்த்துவிடலாம் என்று இருந்தேன் போல. அவன் டீயை ஆற்றிக்கொண்டே, "உண்மையச் சொல்லட்டுமா அக்கா? அவ சொல்லச் சொல்ல எனக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துருச்சு. சாத்தினமா இல்லையான்னு. அந்தக் கயிறு கயிறுன்னு சொன்னா பாருங்க, குனிஞ்சு பார்த்தேன், அவுந்துதான் கிடந்துச்சு. அவ்ளோதான், போச்சு" என்றான். அப்புறம், "பத்து வருஷம் உங்களத் திட்டிட்டு இருந்தேன். அவளத் திட்டல, சின்னப் புள்ள. உங்களத்தான். காலையில மூட்டை தூக்குறப்போ ஆரம்பிச்சா மத்தியானம் வரைக்கும் திட்டுவேன். அப்புறம் பேகாயிம் வளர ஆரம்பிச்சா, நேரமில்லாமப் போச்சு" என்றான். குடிக்கவே மாட்டாயா என்று கேட்டேன். "கல்யாணம் காட்சின்னா குடிப்பேன். குடிக்காதவன்னு நான் சொல்லலியே. அன்னைக்குக் குடிக்கல" என்றான். எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "எம்பொண்ணுகிட்ட வந்து சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலிக்சிக்குப் போனேன். அஸமத் தன் வண்டியிலேயே கூட்டிப்போனான், வழியில் அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன், மலை இடுக்கைத் தாண்டியதும் அக்காவுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டான். பேகாயிம் மரியாதையான பெண், மேசை நிறைய வைத்திருந்தாள், ஆனால் அப்பாவின் பக்கம் திரும்பவே இல்லை. அவன் கதவோரம் உட்கார்ந்திருந்தான், குழந்தை அவனிடம் போகப் பார்த்தபோது அவள் இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் உனக்கு எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை, முளைக்குச்சியை எறிந்ததையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவள் எனக்கு இன்னொரு கோப்பை டீ ஊற்றினாள். "அத்தை, நீங்க பெரியவங்க, அப்பா மனசு கஷ்டப்படுதுன்னு இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, உங்க நல்ல மனசு" என்றாள். நல்ல மனசெல்லாம் இல்லையம்மா, நடந்ததைத்தான் சொல்கிறேன் என்றேன். "கதவு திறந்தத நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை. "அவங்க பாத்தேன்னு எழுதியிருக்காங்களே அத்தை. ஜன்னல்லேருந்து பாத்தேன்னு. பாக்காதவங்க அந்தப் பூட்ஸ் கயித்த எல்லாம் எழுத முடியுமா?" அந்த ஜன்னல் கொட்டடிப் பக்கமே இல்லை, வாய்க்கால் பக்கம் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள், ஆனால் அவள் முகம் மாறவில்லை. ஷார்ஷென் அப்போதுதான் வாயைத் திறந்தான், "நான் உன்கிட்ட எப்பவாவது பொய் சொல்லியிருக்கேனாடி?" என்றான். அவள், "சர்க்கஸ்ல இருந்தேன்னு இருபத்து நாலு வருஷம் ஒரு வார்த்தை சொன்னதில்லையேப்பா நீங்க, மூட்டை தூக்குறவன்னுதானே நினைச்சுட்டு இருந்தேன், எத நம்பச் சொல்றீங்க?" என்று கேட்டு அழுதுவிட்டாள். குழந்தையும் அவளைப் பார்த்து அழுதது. கிளம்பும்போது செருப்புப் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னாள், "எழுதினவங்களே தப்புன்னு எழுதிக் குடுத்தா நம்பறேன் அத்தை." அவ்வளவுதான் நடந்தது. நான் போய்ச் சொன்னேன், என் வார்த்தைக்கு எடை இல்லை, உன் வார்த்தைக்கு இருக்கிறது.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். அம்மா, அது நாவல், கற்பனை என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது என்பாய். என் பெயரை மாற்றினாய், அப்பாவின் பெயரை மாற்றினாய், இஸ்ஹாக்கின் பெயரைக்கூட மாற்றினாய். ஷார்ஷெனின் பெயரை மட்டும் ஏன் அப்படியே விட்டாய்? அவன் இனி எங்கே படிக்கப் போகிறான் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன், கையெழுத்துப் பிரதியை நீ அனுப்பியபோதே படித்தவள், நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொன்னவள். ஆகவே இதில் பாதிக்கு மேல் என் கணக்கு. புத்தகத்தைத் திரும்ப வாங்கு, மாற்றி அச்சடி என்றெல்லாம் நான் கேட்கவில்லை, அது உன் தொழில், உனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு ஒரு கடிதம் வேண்டும், உன் கையால் எழுதி, உன் பெயர் போட்டு. உனக்கு ஞாபகம் இல்லாததை எப்படி எழுதுவது என்றால், ஞாபகம் இல்லை என்றே எழுது. ஜன்னலிலிருந்து நான் பார்க்கவில்லை என்பதாவது உனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு யோசித்துப் பார், அந்த ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிந்தது என்று. நாலு நாள் ஆனாலும் பரவாயில்லை.

கோபம் வந்தால் என் மேல் வரட்டும், அந்தப் பெண் மேல் வேண்டாம். அழுகை வந்தால் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொள், மீரிம் வரும்போது வீங்கின கண்ணோடு நிற்காதே. ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதாதே, உனக்குத் தலைவலி வரும். குளிருக்குக் கோட்டு வாங்கிவிட்டாயா? பழையதில் உள்துணி கிழிந்திருந்ததே, அனுப்பி வை, நான் தைத்துத் தருகிறேன். மாப்பிள்ளைக்கு என் சலாம். ஆப்ரிகாட் பழக் கொட்டை உடைத்து வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன். உன் வீட்டில் ரொட்டி குறையாமல் இருக்கட்டும், உன் பிள்ளை உனக்கு முன்னால் தலை நிமிர்ந்து நடக்கட்டும், உன் கை சோராமல் இருக்கட்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முகவரியைத் தனிக் காகிதத்தில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், பேகாயிம், ஷார்ஷெனின் மகள் என்று போடு, அது முக்கியம், மகள் என்று அவள் படிக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நன்றாக எழுதாதே. நன்றாக எழுதினாயானால் அதையும் கதை என்று நினைத்துக்கொள்வாள்.

உன் அம்மா
பாத்மா